ஏரி தெரியும் ஜன்னல்

நவம்பர் 12
சிகாகோ ஆஸ்பத்திரி, ஏழாவது மாடி. ஜன்னல் முழுக்க மிச்சிகன் ஏரி. ஏரி என்றால் எனக்கு மதகும் ஆலமரமும்தான். இதில் மறுகரையே தெரியவில்லை.

நவம்பர் 13
இவருடைய பர்ஸையும் மோதிரத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். திறக்கவில்லை.

நவம்பர் 16
காத்திருக்கும் அறையில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில் ரௌஸ் சிம்மன்ஸ் என்ற கப்பலின் கதை. மூன்று பாய்மரம், முழுக்க மரம், 1868-இல் மில்வாக்கியில் கட்டியது. வருடா வருடம் வடக்கே போய்க் கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிவந்து, இங்கே கிளார்க் தெருப் பாலத்தடியில் நிறுத்தி, கப்பலிலிருந்தே விற்பார்களாம். 1912 நவம்பர் 22 அன்று தாம்சன் துறையிலிருந்து கிளம்பியிருக்கிறது. 3,000 மரங்களுக்குக் குறையாது என்கிறார்கள், 5,000 என்பவர்களும் உண்டு. அடித்தளம் நிரம்பி மேல்தளத்திலும் கட்டியிருந்தார்கள். கப்பலுக்கு வயது 44. இவருக்கு 46.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த மாலுமிகளுக்கு வெள்ளி ஆகாது. நமக்கு நல்ல நாள்.

நவம்பர் 17
கிளம்புமுன் எலிகள் கப்பலை விட்டு ஓடின என்று ஒரு கதை. நான் நம்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எலி எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்.

நவம்பர் 19
காய்ச்சல் 102.

நவம்பர் 20
கேப்டன் ஹெர்மன் ஷூனமன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அவருடைய அண்ணன், பெயர் ஆகஸ்ட், 1898 நவம்பரில் இதே ஏரியில் இதே மரச் சரக்கோடு மூழ்கிப் போனவர். தெரிந்தும் நவம்பர் கடைசியில் பாய் விரித்திருக்கிறார். மரம் விற்கிற சீசனே அதுதான், சரி. வீட்டில் மனைவி பார்பராவும் மூன்று பெண்களும்.

இவர் மட்டும் என்ன? மூன்று நாள் "வாயுதான்டி, சுக்கு போட்டுக் கொடு" என்றார். நானும் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 21
அத்தை போன் செய்தார். சாதாரணக் காய்ச்சல், தூங்குகிறார் என்றேன். பாதி உண்மை.

நவம்பர் 23
இதே தேதி. மதியம் மூன்று மணி வாக்கில் கிவானி கரையிலிருந்த உயிர்காப்பு நிலையத்தார் ஒரு கப்பலைப் பார்த்தார்கள். கொடி அரைக்கம்பத்தில். உதவி கேட்கிறார்கள் என்று புரிந்தது, ஆனால் எட்டிப் பிடிக்க அவர்களிடம் இயந்திரப் படகு இல்லை. தெற்கே டூ ரிவர்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்து படகு கிளம்பி அலையில் தேடியது. இருட்டும் பனியும் மூடிக்கொண்டன. கப்பல் கண்ணில் படவே இல்லை.

அந்தக் கரையில் நின்றவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தார்கள். இருக்கிறது, அதோ இருக்கிறது என்று பார்த்தார்கள்.

இன்று மூன்று மணிக்கு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இவர் கை அசைந்ததா? அசைந்ததாகத்தான் தோன்றியது. நர்ஸ் திரையை இழுத்துவிட்டாள்.

நவம்பர் 24
கையை அசைத்தார்! இன்று சந்தேகமே இல்லை. கேண்டீனில் கேக் வாங்கித் தின்றேன்.

நவம்பர் 26
1924-இல் டூ ரிவர்ஸ் மீனவர் வலையில் கேப்டனின் பர்ஸ் சிக்கியது. எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்ததால் உள்ளே இருந்த காகிதங்கள் கெடவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து. பார்பராவும் பெண்களும் அதற்குள் எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு மரம் விற்றிருப்பார்கள். அந்தத் தொழிலை அவர்கள் விடவில்லை.

நம் பை கைப்பையில் அப்படியே இருக்கிறது. ஜிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன்.

நவம்பர் 28
மறுபடி காய்ச்சல். வேறு மருந்து.

நவம்பர் 30
1971-இல் வேறொரு கப்பலைத் தேடிப் போனவர்தான் இதைக் கண்டுபிடித்தார். சுமார் 165 அடி ஆழம். நல்ல தண்ணீர், குளிர் வேறு. கடலாக இருந்தால் மரத்தைப் புழு அரித்திருக்கும். அடித்தளத்தில் மரங்கள் அடுக்கியபடியே இருந்தன, சிலவற்றில் இலை ஊசிகூட உதிரவில்லை. அறுபது வருடம்! என் துளசிச் செடி இருபது நாளில் என்ன ஆகியிருக்குமோ. பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 1
அந்தக் கப்பலின் நினைவாக மாக்கினா என்ற கடலோரக் காவல் கப்பல் வருடந்தோறும் இங்கே மரம் கொண்டுவருகிறது. இந்த வாரமாம். இந்த ஜன்னலில் தெரியும் என்கிறாள் நர்ஸ்.

டிசம்பர் 2
மூன்று மணிக்கு டாக்டர் பேச வேண்டும் என்றிருக்கிறார். அத்தை மறுபடி மறுபடி அடிக்கிறார். எடுக்கவில்லை. ஏரியில் இன்று அலையே இல்லை.