பிரான்ஸ் அண்ணன் வந்த வாரம்

ஜூலை 11, 2025, வெள்ளி

பெரியப்பா மகன் குடும்பத்தோடு நேற்று இரவு வந்து சேர்ந்தார். பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அவர் எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஜூலை பிறந்தால் எங்கள் வீட்டில் விருந்தாளி இருப்பது அதனால்தான்.

அங்கே ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்வார்களாம். இங்கே காலை ஏழு மணிக்கே தெருவில் பாதிப் பேர் திண்ணையில். பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று சொல்லியும் யாரும் எழுந்திருக்கவில்லை. காபிக்குப் பால் இரண்டு தடவை வாங்கியாயிற்று. அண்ணி கொண்டுவந்த சீஸ் ஃப்ரிட்ஜ் முழுக்க நாறுகிறது. அம்மா சாமி பிரசாதத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் பெரிய விருந்து. கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) சித்தப்பாவும் வந்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்ததில் பெரிய மார்க்கெட்டில் நல்ல வஞ்சிரம் கிடைத்தது. மட்டன் குழம்பு, வறுவல், ரசம்.

இலை போடப் போனபோது அண்ணி தடுத்தாள். "நீ மட்டும் ஏன் கடைசியில சாப்பிடணும்? எல்லாத்தையும் நடுவுல வச்சிட்டு நீயும் உட்காரு." உட்கார்ந்தேன். சூடாகச் சாப்பிட்டது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் சித்தப்பா ஒரு கரண்டி குழம்போடு நிறுத்திவிட்டார். அண்ணி "இன்னும் போடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டாள். அவர் "போதும்மா" என்றதும் விட்டுவிட்டாள். நம் வீடுகளில் முதல் தடவை மறுப்பது மரியாதைக்கு. மூன்றாம் தடவைதான் வயிறு பேசும். பாத்திரம் நடுவில் இருந்தால் வற்புறுத்த ஆள் ஏது? தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள அந்தத் தலைமுறைக்குக் கூச்சம். சாயங்காலம் அவருக்குத் தனியாக நாலு தோசை வார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

பிரெஞ்சு தேசிய நாள். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பதைப் பார்க்க அண்ணன் கோட்டு சூட்டோடு கிளம்பினார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

ஜூலை 16, புதன்

சித்தப்பா ஊருக்குக் கிளம்புகிறார் என்று இன்று இலை போட்டேன். பந்தியில் ஆண்கள், பிள்ளைகள், கூடவே அம்மாவையும் உட்கார வைத்தேன். அவளுக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. பரிமாற நான் ஒருத்தி போதும் என்றேன். அண்ணி கேட்கவில்லை, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு குழம்பு வாளியோடு வந்துவிட்டாள்.

"போதும்மா."

"இன்னும் கொஞ்சம், மாமா."

சித்தப்பா இரண்டு கையாலும் இலையை மறைத்தார். அண்ணி விரல் இடுக்கு வழியாகவே ஊற்றிவிட்டாள்! அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கை சோறு கேட்டார்.

நாளை ஆடி பிறக்கிறது. எதிர்வீட்டில் தலை ஆடிக்கு மருமகனை அழைத்திருக்கிறார்கள். பெரிய அண்டாவைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள், தேய்த்து வைக்க வேண்டும்.