ராகு மூலையில் அம்மா

அம்மா புதன்கிழமை பிற்பகலில் பிறந்தவர். பர்மியர் கணக்கில் அந்த அரை நாளுக்கு ராகுதான் அதிபதி. யாங்கோனில் எங்கள் காளியம்மனைக் கும்பிட்ட கையோடு சிங்குத்தரா குன்றேறி, சுவேடகோன் பயா என்னும் புத்தத் தூபியில் ராகுவுக்குரிய வடமேற்கு மூலையில் போய் நின்றால்தான் அவர் மனம் நிறையும்.

தெற்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். 104 படிகள். இருபுறமும் பூ, ஊதுபத்தி, தங்க ரேக்கு விற்கும் கடைகள். முழங்கால் வலிக்கும் போதெல்லாம் அம்மா ஒரு கடையில் பூ விலை கேட்டார்.

பயாவைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். முதலில் மணி வடிவம்; அதன்மேல் கவிழ்த்த திருவோடு; முறுக்கிய தலைப்பாகை; தாமரை இதழ்கள்; அதற்கும் மேலே வாழைப்பூ. பர்மிய மொழியிலும் அதற்கு வாழைமொட்டு என்றே பெயர். உச்சியில் குடை. 1768 நிலநடுக்கத்தில் முடி சரிந்த பிறகு சின்பியூஷின் மன்னர் எழுப்பிய உயரம்தான் இன்றைய 99 மீட்டர். 1871-இல் மிண்டோன் மன்னர் மாண்டலேயிலிருந்து புதுக் குடை அனுப்பினார். யாங்கோன் அப்போது ஆங்கிலேயர் கையில். குடை வந்தது, மன்னர் வர முடியவில்லை. நம்மவர்கள் காளியம்மன் கோயிலைக் கட்டியதும் அதே 1871-இல்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

வலம் வந்தோம். எட்டுத் திசைக்கும் ஒரு கிரகம், ஒரு விலங்கு. ஏழு கிழமையை எட்டாக்கப் புதனை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம் நவக்கிரக மேடையில் ராகுவுக்குத் தென்மேற்கு, இங்கே வடமேற்கு. அந்த வேறுபாடு அம்மாவை உறுத்தியதே இல்லை. “பெயர் அதே பெயர்தானே” என்பார்.

ராகுவின் விலங்கு தந்தமில்லாத யானை. அங்குள்ள புத்தர் சிலைக்கு வயதுக்கு ஒரு கிண்ணம், மேலே ஒன்று என்று நீர் ஊற்றுவது அம்மாவின் வழக்கம். இந்த ஆண்டு 75 கிண்ணம். நாற்பதைத் தாண்டியதும் கை நடுங்கி, பாதி நீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடியது. கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். எண்ணிக்கையை மட்டும் அவர் விடவில்லை. சத்தமாகத் தமிழில் எண்ணினார்.

அதே மூலை மண்டபத்தில் தொங்குகிறது சிங்கு மன்னர் 1779-இல் அளித்த பெருமணி. 1825-இல் ஆங்கிலேயப் படையினர் அதைக் கொண்டுபோக முயன்றபோது ஆற்றில் மூழ்கியது. அவர்களால் எடுக்க முடியவில்லை. பர்மியர்கள் மூங்கில்களைக் கட்டி மிதக்கவிட்டு மீட்டு, குன்றின்மேல் சேர்த்தார்கள்.

மரத்தடியால் மூன்று முறை அடித்தேன். அம்மா ஈரம் காயாத உள்ளங்கையை வெண்கலத்தின்மேல் வைத்தார். அதிர்வு முழுதும் அடங்கும்வரை எடுக்கவில்லை.