அத்தாவின் நிய்யத்து: ரமலான் நாட்குறிப்பு

மார்ச் 1, 2025, சனி இரவு

பிறை அறிவிப்பு வந்துவிட்டது. நாளை முதல் நோன்பு. கம்பத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து வீடு வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது.

இந்த வருஷம் எழுத உட்கார ஒரு காரணம் உண்டு. போன வாரம் ஒருநாள் இஷா ஜமாஅத் (இரவு நேரக் கூட்டுத் தொழுகை) தப்பிவிட்டது. கடையை அடைத்துவிட்டுப் போனபோது பள்ளியில் ஆளில்லை. தனியாக நின்று, வாய்க்குள்ளேயே ஓதி, விறுவிறுவென்று தொழுதுகொண்டிருந்தேன். இரண்டாவது ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) ஆரம்பத்தில் பின்னால் செருப்புக் கழற்றும் சத்தம். இரண்டு பையன்கள் வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். இமாமாக, அதாவது தொழுகையை நடத்துபவராக, ஆகிவிட்டால் சத்தமாக ஓத வேண்டும், அது சட்டம். ஆனால் சத்தம் மட்டுமா கூடியது? குரல் இனிமையானது. நீட்ட வேண்டிய எழுத்தெல்லாம் நீண்டது. குனிந்து நிற்கும் ருகூவில் சொல்லும் மூன்று தஸ்பீஹ் (துதி) ஏழானது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பையன்கள் வரும்வரை அல்லாஹ் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த அவசர ஓதல் போதும் என்று இருந்தவன், இரண்டு பேர் வந்ததும் திருத்திக்கொண்டேன்.

‘ஜின்களையும் மனிதர்களையும் என்னை வணங்குவதற்காகவே தவிர நான் படைக்கவில்லை’ என்று குர்ஆனின் தாரியாத் சூராவில் (அத்தியாயத்தில்) 56ஆம் வசனம் சொல்கிறது. சின்ன வயதில் மதரஸாவில் மனப்பாடம் செய்தது. ‘என்னை’ என்ற அந்தச் சொல்லில் இத்தனை வருஷம் நின்று யோசித்ததில்லை.

மார்ச் 4, செவ்வாய் (நோன்பு 3)

அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, 81 வயது. திராட்சை வியாபாரத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியவர். மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பேரப் பிள்ளைகளின் பெயர் போய்விட்டது. அம்மா மவுத்தான (இறந்த) நினைவும் போய்விட்டது, ‘அவ எங்க?’ என்று தினமும் கேட்கிறார். என்னைப் பார்த்து, ‘தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?’ என்கிறார்.

விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் தட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிரச்சினை எட்டு மணிக்கு. சர்க்கரை மாத்திரைக்கு முன்னால் இட்லி கொடுத்தால், ‘நான் நோன்பாளி’ என்று வாயை இறுக்கிக்கொள்கிறார். ‘மாமா, நீங்க நோயாளி. உங்களுக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கான்’ என்று என் மனைவி எடுத்துச் சொன்னால் புரிந்துகொண்டு சாப்பிடுகிறார். கால்மணி நேரம் கழித்து வாயில் சட்னி ருசி இருப்பதை உணர்ந்து, ‘என் நோன்பை முறிச்சிட்டீங்களே’ என்று அழுகிறார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டேன். பகரா சூராவின் 184ஆம் வசனத்தைச் சொன்னார்: முடியாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். முதல் நாளே அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ‘அவர்கிட்ட பொய் சொல்லாதீங்க. அழும்போதெல்லாம் இந்த ஆயத்தை ஓதிக் காட்டுங்க, அவருக்குக் குர்ஆன் கேட்கும்’ என்றார்.

அப்படியே ஆனது. ஓதியதும் அத்தா தலையை ஆட்டி, விட்ட இடத்திலிருந்து அவரே மீதியை ஓதி முடித்தார்.

மார்ச் 7, வெள்ளி (நோன்பு 6)

நண்பர்கள் சேர்ந்து மளிகைப் பை கொடுத்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், பேரீச்சம்பழம். பையை வாங்கும் ஒரு அம்மாவோடு நான் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பும் முன் யார் யார் பார்த்தார்கள் என்று மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

தர்மத்தை வெளியில் தெரியக் கொடுத்தாலும் நல்லதே என்றுதான் குர்ஆன் சொல்கிறது. மறைத்துக் கொடுப்பது அதைவிட நல்லது என்கிறது. ஆகவே தெரிவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் பார்த்து அவர்களும் கொடுக்கட்டும் என்பது நல்ல நிய்யத்துதான், நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்று முறை எடுத்துப் பார்த்த கைக்கு அந்த நிய்யத்து இருந்ததா? அதோடு அந்த அம்மாவின் முகம்! முக்காட்டை இழுத்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டேன். மாலையில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி’ என்றார். கதவைப் பாதிதான் திறந்தார்.

மார்ச் 12, புதன் (நோன்பு 11)

தராவீஹுக்கு நான் போகும்போது மனைவியும் மகளும் அத்தாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். இன்று மகளுக்குக் காய்ச்சல், அதனால் வீட்டிலேயே தொழுதேன்.

அதனால் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. பள்ளியில் 20 ரக்அத்தும் அதன்பின் தொழும் வித்ரும் முடிந்து ஹஜ்ரத் ஒலிபெருக்கியில் நோன்பு நிய்யத்து சொல்லிக்கொடுத்தார். வழக்கம்போல முதலில் அரபியில், பிறகு தமிழில்: ‘இந்த வருஷத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான (கடமையான) நோன்பை…’ கட்டிலில் படுத்திருந்த அத்தா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கலைந்த தொப்பியைச் சரிசெய்தார். ‘…நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன் அல்லாஹ்வுக்காக’ என்று ஒரு சொல் பிசகாமல் கூடவே சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் படுத்தார். ‘தினமும் இப்படித்தான்’ என்றாள் மனைவி.

நாளை எட்டு மணிக்கு அவருக்கு இட்லி கொடுப்போம். அது எனக்குத் தெரியும். அவர் செய்த நிய்யத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

அடியான் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஊரில் சுகமாக இருந்தபோது செய்து வந்த அமல் (நற்செயல்) போலவே அவனுக்கு எழுதப்படும் என்று நபி (ஸல்) சொன்னதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. பலமுறை பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டது. இன்று அந்தக் கட்டிலைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி (நோன்பு 20)

இன்று மஃரிபுக்கு (அந்திநேரத் தொழுகைக்கு) முன், இஃதிகாஃப் இருப்பவர்கள், அதாவது வணக்கத்துக்காகப் பள்ளியிலேயே தங்குபவர்கள், பள்ளிக்குள் போய்விட்டார்கள். ஒன்பது வருஷமாகக் கடைசிப் பத்து நாளும் இருந்து வருகிறேன். இந்த வருஷம் முடியாது. ஒரு வாரமாக அத்தா இரவில் எழுந்து கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடுகிறார். மனைவி ஒருத்தியால் அவரைப் பிடித்து உட்காரவைக்க இயலாது.

மஹல்லாவில் (பள்ளியைச் சேர்ந்த பகுதியில்) ஒருவர் இருந்தாலும் எல்லோர் மீதிருந்தும் அந்தப் பொறுப்பு நீங்கிவிடும். இந்த முறை ஏழு பேர் இருக்கிறார்கள். எனவே என்னால் ஒன்றும் கெடவில்லை. ஆனாலும் நோட்டீஸ் பலகையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ குத்தியது. வணக்கம் தவறுகிறதே என்ற வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் என்னையே கேட்டுக்கொண்டேன்: பெயர் எழுதாத பட்டியல் என்றால் இப்படிக் குத்தியிருக்குமா? ‘என்ன பாய், இந்த வருஷம் இல்லையா?’ என்று இன்று நாலு பேர் கேட்டார்கள். நாலு பேருக்கும் அத்தாவின் நிலையை விளக்கினேன், தேவைக்கு அதிகமாகவே. பெருநாளன்று அந்த ஏழு பேரையும் கட்டித் தழுவி, தங்களுக்காக துஆ (பிரார்த்தனை) செய்யக் கேட்பார்கள். எனக்கு அது வேண்டியிருந்திருக்கிறது.

எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும். மார்க்கத்தை அவனுக்கே கலப்பற்றதாக ஆக்கி வணங்குமாறுதான் ஏவப்பட்டார்கள் என்கிறது பய்யினா சூரா. கலந்திருப்பது என்னவென்று தெரிந்தால்தானே பிரிக்க முடியும்.

மார்ச் 24, திங்கள் (நோன்பு 23), அதிகாலை

இரண்டு மணிக்கு ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் அத்தா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். லுங்கி நனைந்திருக்கிறது, தரையும். ‘ஒளு செய்யணும், தண்ணி எங்க?’ என்கிறார்.

குளியலறைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கூச்சத்தில் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் யாரென்று தெரியாத அவருக்கு, யாரோ ஒருவன் தன்னைக் கழுவுகிறான். ‘உனக்கு என்ன கூலிப்பா?’ என்றார். சொல்ல வாய் வரவில்லை. ‘அல்லாஹ் தருவான்’ என்று அவரே சொல்லிக்கொண்டார்.

துவட்டி, உடை மாற்றி, ஒளு செய்ய உதவினேன். முகம், முழங்கை, தலை, கால் என்று அந்த வரிசை மட்டும் கைக்குத் தானாக வருகிறது. பிறகு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொண்டுவந்தால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். எழுப்பவும் மனமில்லை; எழுந்தால் கேட்பாரோ என்று விட்டுப்போகவும் மனமில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் அந்தக் குகை ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மலைக்குகையில் பாறை உருண்டு அடைபட்ட மூன்று பேர். அவர்களில் ஒருவர் முதிய பெற்றோருக்காகப் பால் கறந்து கொண்டுவர, அவர்கள் தூங்கிவிட்டிருந்தார்கள். காலடியில் பிள்ளைகள் பசியில் கத்த, விடியும்வரை பாத்திரத்தைக் கையில் ஏந்தியே நிற்கிறார். அதைச் சொல்லித்தான் துஆ கேட்கிறார்: ‘உன் முகத்தை நாடி நான் இதைச் செய்திருந்தால்…’ பாறை கொஞ்சம் நகர்கிறது. அந்த ‘இருந்தால்’ என்னை உலுக்கிவிட்டது. பெற்றோருக்காக ஓர் இரவு முழுக்க நின்றவரே தன் நிய்யத்தைத் தானே முடிவு செய்யவில்லை, அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்.

நான் நின்றது பத்து நிமிஷம். பால் ஆறிவிட்டது.

மார்ச் 27, வியாழன் (27ஆம் இரவு)

மகத்துவமிக்க இரவான லைலத்துல் கத்ர் கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் எதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் எங்கள் ஊரில் இன்றைக்குத்தான் பள்ளி நிரம்பும். பயான், திக்ரு (இறைத் துதி), சீரணி (பகிர்ந்து கொடுக்கும் தின்பண்டம்). ஒலிபெருக்கியில் எல்லாம் வீட்டுக்குள் வருகிறது. முன்வாசலைப் பூட்டி, குறுக்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

பயானில் உவைஸுல் கர்னி பற்றிச் சொன்னார்கள். யமன் நாட்டுக்காரர். நபி (ஸல்) அவரைப் பற்றிச் சொல்லும்போது, ‘அவருக்கு ஒரு தாய் உண்டு, அவர்களுக்கு நன்மை செய்பவர்’ என்றே அடையாளம் சொன்னார்கள். யமன் படை வரும்போதெல்லாம் கலீஃபா உமர் (ரலி) ‘உங்களில் உவைஸ் இருக்கிறாரா?’ என்று விசாரித்துக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். கூஃபா ஆளுநருக்குக் கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு, ‘எளிய மக்களோடு மக்களாக இருப்பதே எனக்கு விருப்பம்’ என்றார். ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது.

அத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பயான் முடிந்து, ஆயிஷா நாயகிக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த அந்தத் துஆ தொடங்கியது: ‘அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ.’ யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புபவன், என்னை மன்னித்துவிடு. அத்தா இரண்டு கையையும் ஏந்தி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பள்ளியில் முடித்து வேறு துஆவுக்குப் போன பிறகும் இவர் நிறுத்தவில்லை.

புத்தி தவறியவர் மீதிருந்து, அது தெளியும்வரை, எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது மார்க்கம். தொழாவிட்டால் அவருக்குக் கேள்வி இல்லை. பார்த்துப் பாராட்ட நாங்கள் இருக்கிறோமா என்றால், நாங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. சொர்க்கம் நரகம் என்று சொன்னால் புரியுமா, அதுவும் சந்தேகம். இதெல்லாம் உதிர்ந்த பிறகும் ஒருவர் கையேந்துகிறார். நான் முப்பது வருஷமாகத் தேடுகிற இக்லாஸ், அந்தக் கலப்பற்ற மனம், என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 31, திங்கள். பெருநாள்

இருபத்தொன்பதில் பிறை தெரிந்துவிட்டது. தொழுகைக்கு முன்பே ஃபித்ரா (பெருநாள் தர்மம்) கொடுத்து முடித்தாயிற்று. அத்தாவுக்குப் புதுச் சட்டை போட்டு அத்தர் தடவி, தொழுகைக்குக் காரில் கூட்டிப்போனேன். கூட்டத்தைக் கண்டு மிரண்டார்; தக்பீர் முழக்கம் கேட்டதும் அடங்கிவிட்டார். நாள் முழுக்க விருந்தாளிகள். பிரியாணி, வட்டலப்பம், பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு.

எல்லோரும் போன பிறகு இஷாவுக்குப் பாய் விரித்தேன். அத்தா வந்து நின்றார். வழக்கமாக அவர் தனியாகத் தொழுவார். இரண்டு ரக்அத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார், சில நாள் ஐந்து ஆகிவிடும். நானும் என் பாட்டுக்குத் தொழுதுவிடுவேன். இன்று என் தோளைத் தட்டி, ‘நீ முன்னாடி நில்லு, தம்பி. நீ ஓது’ என்றார்.

அவரை என் வலப்பக்கம் நிறுத்திக்கொண்டு தக்பீர் கட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை. நான் எப்படி ஓதினேன் என்பது ஸலாம் கொடுத்த மறுநிமிஷம் அவருக்கு நினைவில் இருக்காது. அல்ஹம்து சூராவை ஓர் ஆயத்துக்கு ஒரு மூச்சு நிறுத்தி ஓதினேன். ‘இய்யாக நஅபுது’ (உன்னையே வணங்குகிறோம்) என்னும்போது குரல் உடைந்து, அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, பக்கத்திலிருந்து அத்தா, ‘உன்னிடமே உதவி தேடுகிறோம்’ என்னும் அடுத்த சொற்களை மெல்ல எடுத்துக்கொடுத்தார்: ‘வ இய்யாக நஸ்தயீன்.’