காலபோகத்து நாட்குறிப்பு: மனச்சோர்வு

செப்டெம்பர் 26

கிளிநொச்சி இரணைமடுப் பக்கம், மாரிமழை நெல்லான காலபோகத்துக்குப் புழுதி உழவு தொடங்கிவிட்டது. வன்னியில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் குறைவு. "யோசினை கூடிப்போச்சு", "தலையிடி", "கை கால் உளைவு, உடம்பு ஒண்டுக்கும் ஏலாமக் கிடக்கு" என்பார்கள். பனடோலையும் விற்றமினையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

ஆகவே முதலில் இரண்டு கேள்வி. நாளின் பெரும்பகுதி மனம் கவலையாகவோ வெறுமையாகவோ கிடக்கிறதா? முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் விருப்பம் விட்டுப்போய்விட்டதா? இவற்றில் ஒன்றாவது இரண்டு கிழமையாக அநேகமாக ஒவ்வொரு நாளும் இருக்கவேண்டும். அதோடு நித்திரை, பசி, களைப்பு, கவனம், குற்றவுணர்வு, அசைவு மந்தப்படுதல் அல்லது அந்தரப்படுதல், சாவு நினைப்பு என்பவற்றையும் கேட்கவேண்டும். எல்லாமாக ஐந்து தேறி, அன்றாட வேலையும் கெட்டிருந்தால் அது நோய்.

உழவு நேரத்திலும் வயல் பக்கம் எட்டிப்பாராமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற ஆளை வீட்டில் சோம்பேறி என்று ஏசுவார்கள். சோம்பேறிக்கு வெத்திலை, கிறிக்கெற், ஊர்க்கதை என்று ஏதாவது ஒன்றில் பிரியம் இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

ஒக்டோபர் 3

குளிசைக்கு முன்னர் இரத்தம் பார்க்கவேண்டும்: ஹீமோகுளோபின், தைரொயிட் (டி.எஸ்.எச்.), சீனி. குருதிச்சோகையும் தைரொயிட் குறைவும் ஆளை இதே மாதிரிப் படுக்கப்போடும். வேறு நோய்க்கு எடுக்கும் குளிசைகளையும் பையோடு கொண்டுவரவேண்டும்.

குடியைப் பற்றி ஒளிக்காமல் சொல்வது நல்லது. சிலருக்குக் குடியை விட்டுச் சில கிழமைகளில் மனச்சோர்வே குறைந்துவிடும். ஆனால் நாள்தோறும் குடிக்கிறவர் தன்பாட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். வைத்தியரிடம் சொல்லித்தான் நிறுத்தவேண்டும்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. முன்பு எப்போதாவது நாட்கணக்கில் நித்திரை கொள்ளாமலே களைப்பில்லாமல், அளவுக்கு மிஞ்சிய உசாரோடு, காசை இறைத்துக்கொண்டு திரிந்தாரா? ஆமென்றால் மனச்சோர்வுக் குளிசை மட்டும் கொடுப்பது ஆபத்து. ஆளைத் திரும்பவும் அந்த அளவுமிஞ்சிய உசாருக்குத் தூக்கிவிடும். இதை நோயாளியைவிட வீட்டுக்காரர்தான் சரியாகச் சொல்வார்கள்.

ஒக்டோபர் 10

"விசர்க் குளிசை" என்ற பயம் இன்னும் போகவில்லை. அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தருவது பெரும்பாலும் புளுஒக்சற்றீன் 20 மி.கி., காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு; அல்லது செர்ற்றலீன் 50 மி.கி. நித்திரைக் குறைவும் உடம்பு உளைவும் கூட என்றால் சிலருக்கு இரவில் அமிற்றிப்டிலீன். அதில் வாய் காயும், மலச்சிக்கல் வரும், விடிய எழும்ப மந்தமாக இருக்கும்.

முதல் கிழமையில் பக்கவிளைவு மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது. குமட்டல், தலையிடி, வயிற்றுக் குழப்பம், ஒருவித அந்தரம். அநேகருக்கு 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். அந்தக் கிழமையில்தான் பலர் குளிசையை எறிகிறார்கள். பலன் 2 முதல் 4 கிழமையில் தொடங்கும்; முழுதாகத் தெரிய 6 முதல் 8 கிழமை. அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: பெரும்பாலும் நித்திரையும் பசியும் முன்னுக்கு வரும், பிறகு உடம்புக்குப் பலம் வரும், மனம் கடைசியாக வரும். இது தெரியாதவர் மூன்றாம் கிழமையில் "மனசு அப்பிடியே கிடக்கு, மருந்து பிடிக்கேல்லை" என்று முடிவெடுத்துவிடுவார்.

இந்தக் குளிசைகள் அடிமைப்படுத்துவதில்லை. அடிமைப்படுத்துவது டயசிபாம் வகை நித்திரைக் குளிசை. அதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் இதற்குப் பயப்படுவதுதான் வேடிக்கை. புளுஒக்சற்றீனோ செர்ற்றலீனோ எடுக்கிறவர் டைக்குளோபெனக் போன்ற நோவுக் குளிசையைத் தன்பாட்டில் சேர்க்கக்கூடாது. குடலில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும்.

ஒக்டோபர் 21

குளிசையோடு செய்யவேண்டிய வேலைக்கு ஒரு அப்பியாசக் கொப்பி போதும். முதல் கிழமை எதையும் மாற்றவேண்டாம். காலை, மத்தியானம், பின்னேரம், இரவு என்று நாலு கோடு. என்ன செய்தது, அப்போது மனம் 0 முதல் 10க்குள் எவ்வளவு. "எல்லா நாளும் ஒரே மாதிரித்தான்" என்று சொல்கிறவரின் கொப்பியிலும் 2க்கும் 4க்கும் இடையில் ஏற்ற இறக்கம் தெரியும். 4 எழுதிய இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கிணத்தடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்தது, மாட்டுக்குத் தண்ணி வைத்தது, இப்படி ஏதாவது இருக்கும்.

இரண்டாம் கிழமையிலிருந்து நாளுக்கு இரண்டு காரியம்: ஒன்று கடமை, ஒன்று முன்பு பிடித்தது. அளவுதான் இதில் முக்கியம். மிக மோசமான நாளில் எவ்வளவு ஏலுமோ அதில் பாதி. "முற்றம் கூட்டுதல்" பெரிது. "படியிலிருந்து கிணத்தடி வரை கூட்டுதல்" சரியான அளவு. "குளித்தல்" பெரிதென்றால் முகம் கழுவிச் சட்டை மாற்றுவதில் தொடங்கலாம். காரியத்தை நேரத்தோடு கட்டவேண்டும், மனத்தோடு கட்டக்கூடாது. காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். விருப்பம் வந்தபிறகு செய்வம் என்று காத்திருந்தால் அது வராது.

பிழை விடுவது எங்கே? ஒரு நல்ல நாளில் வரம்பு கட்டுவது வரை செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழும்பாமல் கிடப்பது. வீட்டுக்காரர் பாவம் பார்த்து எல்லா வேலையையும் பறிப்பது. அதைவிடக் கெட்டது, கொப்பியைப் பரீட்சைத் தாளாக்கி "இண்டைக்கு ஏன் செய்யேல்லை?" என்று கேட்பது. கூட நின்று பாதியைச் செய்தால் போதும், பேச்சு வேண்டாம்.

குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணின் கொப்பி வேறு. அதில் கடமை ஏற்கனவே நிரம்பி வழியும். சும்மா இருக்கும் அரை மணித்தியாலமும் கதைக்க ஒரு ஆளும்தான் இல்லை. அவருக்கு "வேலை செய்யுங்கோ, சரியாகும்" என்று சொல்வது மடத்தனம். கிழமைக் கடன் (கிழமைதோறும் தவணை கட்டும் கடன்) நெஞ்சை அமுக்கினால் ஒரு தாளில் எழுதவேண்டும்: யாருக்கு, மிச்சம் எவ்வளவு, எந்த நாள் கட்டவேண்டும். பிறகு ஒரே ஒரு கடனை எடுத்து, தவணையை நீட்டிக் கேட்க எந்த நாள் போவது, யார் கூட வருவது என்பதையும் எழுதவேண்டும். தலைக்குள் சுற்றும்போது எல்லாம் ஒரே கடனாகத் தெரியும். தாளில் அவை தனித்தனி.

நவம்பர் 1

நித்திரை. படுக்கும் நேரம் எப்படிப் போனாலும் எழும்பும் நேரம் மாறக்கூடாது. பகல் படுக்கை 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பின்னேரத் தேத்தண்ணியை விடவேண்டும். பாயில் விழித்தபடி கிடந்தால் எழும்பிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுக்கலாம்.

நவம்பர் 8

ஆளில் உசார் தெரிய, வீட்டில் காவலைத் தளர்த்துவார்கள். கவனம் கூடவேண்டிய நேரமே இதுதான். பலம் வந்துவிட்டது, மனம் இன்னும் வரவில்லை. முன்பு எழும்பவே ஏலாதிருந்தவருக்கு இப்போது நினைத்ததைச் செய்ய ஏலும். 25 வயதுக்குக் கீழ் என்றால் முதல் கிழமைகளில் இன்னும் கவனம்.

நேரே கேட்கவேண்டும்: "செத்துப்போகலாம் எண்டு நினைப்பு வருதா? எப்பிடி எண்டு யோசிச்சனீங்களா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. அம்புலன்சுக்கு 1990. கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926, தமிழிலும் கதைக்கலாம்.

விதைத்த காலம் என்பதால் களைநாசினியும் பூச்சிமருந்தும் இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கும். வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். திறப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். குளிசைகளும் அப்படியே, முக்கியமாக அமிற்றிப்டிலீன்; அன்றன்றைக்கு உரியதை மட்டும் கையில் கொடுக்கலாம். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்த தற்கொலை வீதம், மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின் பத்து வருடத்தில் ஏறத்தாழப் பாதியானது. கெட்ட மணித்தியாலம் கடந்துபோகும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது.

நவம்பர் 25

போரில் இறந்தவர்களை நினைக்கும் இந்தக் கிழமையிலும் மே மாதத்திலும் வன்னியில் அழாத வீடு குறைவு. அது நோய் அல்ல. துக்கம் நினைவோடு வந்து போகும், இடையில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நாள் முழுக்க ஒரே மட்டத்தில் கிடக்கும், "நான் ஒண்டுக்கும் உதவாதவள்" என்று தன்மேலேயே திரும்பும். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டில் திவசமும் இல்லை, பொட்டு வைப்பதா விடுவதா என்ற முடிவும் இல்லை. "செத்திட்டார் எண்டு ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று ஒரு உதவியாளரும் சொல்லக்கூடாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் உறவுகள் தொடங்கிய போராட்டம் போன்ற இடங்களில் ஒரு தாய்க்கு நாலு பேர் துணை கிடைக்கிறது. நோய் என்று சொல்லி அவரை அங்கிருந்து வீட்டுக்குள் இழுக்கவேண்டாம்.

டிசெம்பர் 6

குளங்கள் வான் பாயும் காலம். பாதை அறுந்தால் கிளினிக் தவறும், குளிசை முடியும். செர்ற்றலீன் சட்டென்று நின்றால் சில நாளில் தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் கறண்ட் அடித்தமாதிரி ஒரு வெட்டு. நோய் திரும்பிவிட்டது என்று ஆள் பயந்துவிடுவார். புளுஒக்சற்றீன் உடம்பில் கனநாள் நிற்பதால் இது குறைவு. குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே கிளினிக்கில் கேட்கவேண்டும். கிளினிக் கொப்பியும் குளிசையும் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் இருக்கட்டும். ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடவேண்டாம்.

ஜனவரி 16

பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்டுக் கோவிலுக்குப் போய்வந்தவர் இனிக் குளிசை எதற்கு என்பார். சுகமானபின் இன்னும் 6 முதல் 9 மாதம் போடவேண்டும். முன்பும் வந்திருந்தால் அதைவிட நீளும். சுகத்தோடு நிறுத்தினால் சில மாதத்தில் திரும்பும் வாய்ப்புக் கூட.

பெப்ரவரி 20

அரிவி வெட்டு. ஆள் தெளிவாக இருக்கும் இந்த நேரத்தில் ஒரு தாள் எழுதவேண்டும்: முதன்முதல் கெட்டது எது? ஒருவருக்கு விடிய மூன்று மணிக்கு விழிப்பு, ஒருவருக்கு போனை எடுக்காமை, ஒருவருக்கு சோறு இறங்காமை. அவரவருக்குரிய இரண்டு மூன்றை வீட்டில் ஒருவருக்கும் தெரியப்படுத்தவேண்டும். அவற்றில் இரண்டு ஒரு கிழமை நின்றால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் போகவேண்டும்; அளவைத் தன்பாட்டில் கூட்டக்கூடாது. குறைப்பதை வைத்தியரோடு மாதம் பார்த்துக் குறிக்கவேண்டும், கிழமைக்கணக்கில் படிப்படியாக. மேயிலும் நவம்பரிலும் வேண்டாம்; கடன் வாங்கி உழும் மாதத்திலும் வேண்டாம்.