41ஆம் நாள் தொடங்கி

ஜூன் 3
குழந்தைக்கு இன்று 41 நாள். ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபின் மொத்தம் 8.2; அதில் ஈரல் பதப்படுத்திய பகுதி, அதாவது நேரடி, 5.9. மூன்றாம் வாரத்தில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, தாய்ப்பால் மஞ்சள், வெயில் காட்டுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். தாய்ப்பால் மஞ்சளில் நேரடி பிலிரூபின் ஏறவே ஏறாது. 14 நாள் தாண்டிய மஞ்சள் எதுவானாலும் மொத்தம், நேரடி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நேரடி 1 மில்லிகிராமைத் தாண்டினாலே கல்லீரலைத் தேடிப் போக வேண்டும். மூன்று வாரம் வீண்.

ஜூன் 4
ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2.8; இயல்பு 1 அருகே. வைட்டமின் கே ஊசியாகத்தான். பித்தம் இறங்காத குடலில் வாய்வழி மருந்து சேராது. இதைத் தாமதித்தால் மூளைக்குள் ரத்தம் கசியும். ஊசி போட்டபின் மாலையில் 1.2. அப்படியென்றால் கல்லீரல் இன்னும் வேலை செய்கிறது. ஊசிக்குப் பிறகும் இறங்காதிருந்தால் கதையே வேறு.

டயப்பரைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். மஞ்சள் பல்பில் எல்லா மலமும் மஞ்சள்தான். மூத்திரம் பட்டு மேற்பரப்பும் நிறமேறியிருக்கும்; குச்சியால் பிளந்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே சுண்ணாம்பு வெளுப்பு. பித்தம் குடலுக்கு வரவில்லை.

ஜூன் 5
ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு பால் கொடுத்துவிட்டார்கள். சுருங்கிய பித்தப்பையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 43ஆம் நாளும் போயிற்று.

ஜூன் 6
4 மணி நேரம் வெறும் வயிறு. பித்தப்பை 1.4 செ.மீ., சுவர் ஒழுங்கில்லை. ஈரலுக்குள் நுழையும் போர்ட்டல் சிரை பிரியும் இடத்தில் முக்கோணத் தழும்பு, தடிமன் 4 மி.மீ.க்கு மேல். பித்தநாள அடைப்புதான் என்று மனம் சொல்கிறது.

ஹிடா பற்றிப் பேச்சு வந்தது: ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து பித்தத்தோடு குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் ஸ்கேன். பித்த ஓட்டத்தைத் தூண்டும் பீனோபார்பிட்டால் 5 நாள் கொடுத்து எடுத்தால் 50ஆம் நாள் ஆகிவிடும். 24 மணி நேரத்தில் மருந்து குடலில் தெரிந்தால் அடைப்பு இல்லை, சரி. தெரியாவிட்டால்? கடுமையான ஈரல் அழற்சியிலும் தெரியாது. வேண்டாம், நேராக ஈரல் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி.

ஜூன் 7
சுரப்புகள் கெட்டியாகும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் பச்சைக் குழந்தையில் இப்படி மஞ்சளாக வரலாம், நுரையீரல் தொல்லை தொடங்கும் முன்பே. அதற்கு வியர்வையில் குளோரைடு பார்க்கும் பரிசோதனை. வியர்க்க வைக்கும் பைலோகார்பின் 5 நிமிடம், சேகரிப்பு 30 நிமிடம். துணியில் 41 மில்லிகிராம்தான் தேறியது, 75 வேண்டும். இரண்டு கை வியர்வையையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது. சுரக்கும் வேகம் குறைந்தால் குளோரைடு அளவே பொய்யாகும். அறை குளிராக இருந்தது. போர்த்திவிட்டு நாளை மறுபடி.

ஜூன் 8
குளோரைடு 22, இயல்பு. அந்தக் கவலை போயிற்று. டயப்பர் அதே வெளுப்பு.

ஜூன் 9
ஈரல் சுரக்கும் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் எம்எம், இயல்பான வகை. இது கையில் இல்லாமல் பயாப்ஸியை நம்ப முடியாது: அந்தப் புரதம் குறைந்த இசட்இசட் வகைக் குழந்தையின் ஈரலும் அச்சாக அடைப்பு போலவே தெரியும், காட்டிக்கொடுக்கும் புரத உருண்டைகள் 12 வாரத்துக்கு முன் பெரும்பாலும் தென்படாது.

ஜூன் 10
பயாப்ஸித் திசுவில் பித்தக்குழல் பெருக்கம், பித்த அடைசல், தொடக்க நிலை நார். அடைப்பின் பக்கமே சாய்கிறது.

ஜூன் 11
மலம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதே என்கிறார் அம்மா. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிளந்து பார்த்தோம். வெளுப்பு.

நாளை வயிற்றைத் திறந்து பித்தப்பை வழியே சாயம். மேலே ஈரலுக்கும் கீழே சிறுகுடலுக்கும் ஓடினால் மூடிவிடலாம். ஓடாவிட்டால் அப்போதே கசாய் அறுவை: நாராகிப்போன பித்தநாளக் கயிற்றை வெட்டியெடுத்து, குடல் வளையத்தை ஈரல் வாயிலில் தைப்பது. மோரியோ கசாய் 1959இல் எழுதியது இன்றும் முதல் வழி. 60 நாளுக்குள் என்பார்கள், எனக்கு 45ஆம் நாளுக்கே மனம் பதறும்.

ஜூன் 12
50ஆம் நாள். தாய்ப்பால் அதிகாலை 4 மணியோடு நிறுத்தம். ஐஎன்ஆர் 1.1. ரத்தம் தயார். 8 மணிக்கு உள்ளே.