கச்சான், வாடை, ஒரு ரிக்கெட்: ஆய்வரங்குக்குப் போய் வந்த கதை

ஆய்வுச் சுருக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக மின்னஞ்சல் வந்த அன்று அம்மா பத்திரகாளி கோயிலுக்குப் போய் என் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஐந்து கிழமையாக நான் பட்ட பாட்டைப் பார்த்தவர், இன்னொன்றும் செய்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்.

எழுதுவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. 250 சொல்லில் சுருக்கம், மேற்பார்வையாளர் இரண்டு தடவை திருத்தினார், அனுப்பினேன், எடுத்தார்கள். விஷயம் நம்ம ஊர் விஷயம்தான்: உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரைவலை இழுப்பவர்களுக்கு வானிலை அறிவித்தல் எப்படிப் போய்ச் சேருகிறது, அதை அவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது. கொழும்பில் ஒரு நாள் ஆய்வரங்கு. A1 அளவில் போஸ்டர் கொண்டுவர வேண்டும். அதே மண்டபத்துக்கு வெளியே கம்பனிகளும் மேசை போட்டு இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் பார்ப்பார்கள். மூன்றாம் வருடக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி இருந்தது. மாணவர் என்பதை உறுதிப்படுத்தும் துறைத் தலைவரின் கடிதம் வேண்டுமாம். அப்போது விடுமுறை, நான் திருகோணமலையில் வீட்டில். பல்கலைக்கழகம் இருப்பது வேறு மாவட்டத்தில், பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். கடிதம்தானே, ஒரு நாளில் போய் எடுத்து வரலாம் என்று விடியப்புறம் கிளம்பினேன்.

அலுவலகத்தில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே பத்து நிமிடம் எடுத்தார். "தலைவர் லீவு. நாளைக்கு வாங்கோ தங்கச்சி." நான் திருகோணமலையிலிருந்து வருகிறேன் என்றேன். "அப்ப நாளண்டைக்கு வாங்கோ" என்றார். நக்கலா, அக்கறையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசியில் பின்மேசையில் இருந்த ஒரு அக்கா இரக்கப்பட்டு, பதில் கடமை பார்ப்பவரிடம் கையொப்பம் வாங்கி ஒரு கடிதம் தந்தார். நான்கு வரி, வட்ட முத்திரை. உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அது 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று பொதுவாக எழுதிய கடிதம். ஆய்வரங்குக்காரர் கேட்டது செயலாளருக்கு முகவரியிட்டு, என் கட்டுரை இலக்கமும் போட்ட கடிதம். அன்றிரவு பஸ் நிலையத்தில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று என் உறையை மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. நான்தான் துரத்திவிட்டேன். தின்ன விட்டிருந்தால் அதற்காவது பிரயோசனப்பட்டிருக்கும்.

மறுநாள் விசராகி, ஆய்வரங்குச் செயலாளருக்கே மின்னஞ்சல் எழுதினேன்: தலைவர் விடுமுறையில், என்ன செய்வது? அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. மேற்பார்வையாளர் தன்னுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து இரண்டு வரி எழுதினால் போதுமாம். மேற்பார்வையாளர் அன்று மத்தியானமே எழுதினார். முழுச் செலவு பூச்சியம். யாராவது இதே வழியில் போவதென்றால், பஸ் ஏறுவதற்கு முன் கேட்டவர்களிடமே எழுதிக் கேளுங்கள். அலுவலகத்தாருக்கு அவர்கள் விதி மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு என்ன தேவை என்பது தெரியாது.

அடுத்தது போஸ்டர். திருகோணமலையில் அச்சடித்தால் இரவு பஸ்ஸில் கசங்கிவிடும் என்று பயந்து, நுகேகொடையில் இருக்கும் மச்சாளுக்கு பைலை அனுப்பினேன். அவ வேலை முடிந்து போகும் வழியில் ஒரு கடையில் கொடுத்து எடுத்து வைத்திருந்தா. நான் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எல்லாம் அரைத் தூக்கத்தில் கடந்து, விடியப்புறம் அவ வீட்டில் போய் போஸ்டரை விரித்தேன்.

போஸ்டர் ஆங்கிலம். தமிழில் இருந்தது நான்கே சொல், மீனவர்கள் காற்றுக்குச் சொல்லும் பெயர்கள்: கச்சான், வாடை, சோழகம், கொண்டல். என் ஆய்வே அந்த நான்கு சொல்லில்தான் நின்றது. வளிமண்டலவியல் திணைக்களம் 'தென்மேற்கு' என்று சொன்னால் அவர்கள் காதில் ஏறாது, 'கச்சான்' என்றால் ஏறும். அந்த நான்கும்தான் நாசமாகியிருந்தன. கச்சான் இருந்த இடத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் நடுவே இரண்டு அரைப்புள்ளிகளும். வாடை, 'தில்' என்று வாசிக்கக்கூடிய ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லாகிவிட்டது.

பிழை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் பழகிய பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன், பவர்பொயிண்ட் பைலாகவே அனுப்பியிருந்தேன். கடைக் கணினியில் பாமினி இல்லை, அச்சடித்த பையனுக்குத் தமிழும் தெரியாது. பாமினியில் நாம் அடிப்பதெல்லாம் உள்ளே ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் உருவம் போட்ட சட்டை மட்டும் இருக்கிறது. சட்டை இல்லாத கணினியில் உள்ளது வெளியே வந்துவிடும். தமிழ் இருந்தால் யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அனுப்பியதை இன்னொருவர் போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் சேர்த்து ஐந்து நிமிட வேலை.

காலை ஆறு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? மச்சாளின் மகனுடைய கொப்பிக்கு ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கரும் கறுப்பு மார்க்கரும் கிடைத்தன. கை நடுங்க நடுங்க நான்கு பெயரையும் எழுதி ஒட்டினேன். 'சோழகம்' கொஞ்சம் சரிந்துவிட்டது.

பதிவு மேசையில் இன்னொரு கூத்து. கட்டணம் கட்டிய வங்கிச் சீட்டில் அப்பாவின் பெயர், பட்டியலில் என் பெயர். நாற்பது நிமிடம் நின்றேன். பணம் கட்டும்போது குறிப்பு இடத்தில் கட்டுரை இலக்கத்தைப் போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

மத்தியஸ்தர்கள் மூவர். இருவர் ஆங்கிலத்தில் வழக்கமான கேள்விகள் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாமவர் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். "கச்சான் என்றால் நாங்கள் கொறிக்கிறது எல்லோ?" என்று தமிழில் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. கடலைக்கும் காற்றுக்கும் ஒரே பெயர், ஆனால் கரைவலைக்காரரிடம் கச்சான் என்றால் முதலில் காற்றுதான் என்று தொடங்கி, வாடைக் காலத்தில் எங்கள் பக்கம் கடல் எப்படி இருக்கும் என்பதுவரை பத்து நிமிடம் பேசினேன். ஏன் கையால் எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிசு இல்லை. ஆனால் அவர் போகும்போது தன் மின்னஞ்சலை எழுதித் தந்து, முழுக் கட்டுரை முடிந்ததும் அனுப்பச் சொன்னார்.

வெளியே கம்பனி மேசைகளுக்கு நான் கொண்டுபோனது சுயவிவரத்தின் (சீவி) இரண்டே பிரதி. மூன்றாவது மேசையில்தான் எனக்கு ஏற்ற ஆய்வு உதவியாளர் பயிற்சி இருந்தது, கையில் ஒன்றுமில்லை. போனில் இருந்ததை அனுப்பட்டுமா என்றேன், சரி என்றார்கள். பத்துப் பிரதியாவது கொண்டுபோங்கள், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், பரிந்துரையாளர் இருவரிடமும் முதலே சொல்லி வையுங்கள். என்னுடைய ஒருவருக்கு அங்கிருந்தே அழைப்பு எடுத்தார்கள். நல்ல காலம், சேர் போனை எடுத்தார். அடுத்த மாதம் ஆறு மாதப் பயிற்சி தொடங்குகிறது.

பயணச் செலவைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள். அசல் ரிக்கெட்டை அனுப்ப வேண்டும். நான் அதைப் பத்திரமாக போன் கவருக்குள் வைத்திருந்தேன், மூன்று கிழமை. அது வெப்பத்தில் அச்சாகும் தாள், கவருக்குள் கிடந்து முழுக்க வெளிறிப்போயிருந்தது. வாங்கிய உடனே ஒரு போட்டோ எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். விளக்கக் கடிதத்தோடு அந்த வெற்றுத் தாளை நேற்றுத் தபாலில் போட்டேன். யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் திகதி மட்டும் தெரிகிறது.