கிர்ர்ர்... எங்கிருந்துடா?

மூணு நாளா குடைச்சல். எலெக்ட்ரிக் கிடார்ல அஞ்சாவது கம்பியை ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகப் பட்டை) எதையும் பிடிக்காம மீட்டினா மட்டும் 'கிர்ர்'னு ஒரு சத்தம். ஃப்ரெட்தான் இடிக்குதுன்னு கழுத்தோட வளைவைச் சரிபண்ற ட்ரஸ் ராடைத் திருகி, நல்லா இருந்த செட்டிங்கையும் கெடுத்துக்கிட்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அந்தக் கம்பியோட 110 ஹெர்ட்ஸ் சுருதிக்கு கிடார்லயே எதுவோ கூடவே அதிருது. வலது கையால மீட்டிக்கிட்டே, இடது கை விரலால ஒவ்வொண்ணா அழுத்திப் பார்த்தேன். ட்யூனர், சேடில் ஸ்க்ரூ, பிக்கப் ஸ்பிரிங்... கேபிள் செருகுற ஜாக்கோட தகட்டைத் தொட்டதும் கப்சிப். ஜாக் நட்டு லூஸ்!

கழற்றினா, ஜாக் சுத்திச் சுத்தி எர்த் வயர் ஒத்தை இழையில தொங்குது. ஆம்ப்ளிஃபயர்ல போன மாசம் கேட்ட கரகரப்பும் இதனாலதான். நான் பாவம், வால்யூம் குமிழுக்கு கிளீனர் அடிச்சு அதைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

சால்டரிங் அயர்ன் சூடாகுது.